பதினோரு சொல்

பிப்ரவரி 9, 1986. ஞாயிறு

மெஹர்பானு வீட்டுக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். படியேறும்போது வீட்டுக்கார அம்மா வழியை மறித்துக்கொண்டு, "வாராவாரம் அப்படி எங்கதான் டீச்சர் போறீங்க?" என்றாள். ட்யூஷன் என்றேன். முழுப் பொய்யில்லை. யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதுதான் எங்கள் இருவருக்குமே தெரியாது.

மெஹர் எங்கள் பள்ளிக்கூடத்தில் பௌதிக லேபில் வேலை பார்த்தவள். கல்யாணமானதும் நின்றுவிட்டாள். புருஷன் சலீம் சிங்கப்பூரில். போன வருஷம் லீவில் வந்தவரிடம் மிக்ஸி கேட்காமல் கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறாள். கைக்கு அடக்கமான கறுப்புப் பெட்டி, ஸ்பெக்ட்ரம் என்று பேர். டிவியில் மாட்டி, டேப்ரிகார்டரிலிருந்து புரோகிராமை ஏற்றவேண்டும். ஏறும்போது அது போடும் கீச்சுச் சத்தத்துக்கு மெஹரின் மாமியார் காதைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவார்.

பெட்டியோடு வந்த கம்ப்யூட்டர் பாஷை பேஸிக். அது நாலு பேருக்குத் தெரியும். சலீம் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி வந்த கேஸட் ஒன்றில் ஃபோர்த் என்று வேறொரு பாஷை இருந்தது. சேலத்தில் கோட்டையிலும் ஃபேர்லேண்ட்ஸிலும் அதைப் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர் மட்டுமாகத்தான் இருக்கும். இரண்டையும் மூன்றையும் கூட்ட வேண்டுமானால் முதலில் 2, அப்புறம் 3, கடைசியில்தான் கூட்டல் குறி. இங்கிலீஷ்காரனுக்கு இது தலைகீழ். நமக்கு? "ரெண்டையும் மூணையும் கூட்டு." நாம் பேசுகிற வரிசையேதான்! அதைக் கண்டுபிடித்த அன்று இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி குதித்தோம்.

வேண்டிய சொல்லை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம் என்பது இன்னொரு சுகம். இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்கவேண்டும். ஆனாலும் 'அள்ளு' என்றால் அள்ளும், 'கொட்டு' என்றால் கொட்டும். எண்களெல்லாம் தட்டு அடுக்கின மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். கடைசியாக வைத்ததுதான் முதலில் கைக்கு வரும். மேலே இருக்கிற இரண்டையும் இடம் மாற்ற 'மாத்து' என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம்.

இதனால் யாருக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. முப்பத்துநாலு வயதில், கல்யாணமாகாத கணக்கு டீச்சருக்கு லாபமில்லாத ஒரு சந்தோஷம் இருந்தால் என்ன?

பிப்ரவரி 23. ஞாயிறு

எங்கள் ஊர் புதுச்சத்திரம் போய்வந்தேன். அண்ணன் சென்னியப்பன் மூன்றாவது கோழி ஷெட் கட்டி முடித்துவிட்டார். இலை போட்டு உட்கார்ந்ததும் வழக்கமான பாட்டு.

"எம்மெஸ்ஸி படிச்சு என்னத்தக் கண்ட அம்மிணி? ஒரு ஊட்டுக்குப் போயிருந்தா இந்நேரம் ரெண்டு புள்ளைக்குத் தாயி."

அம்மா ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். ரசம் கலங்கி ரொம்ப நேரமாகியிருந்தது.

அண்ணனுக்குத் தீவனக் கணக்கு தலைவேதனை. மக்காச்சோளம் கிடைக்காவிட்டால் கம்பு சேர்க்கவேண்டும், புண்ணாக்கைக் கூட்டினால் தவிட்டைக் குறைக்கவேண்டும். ஒன்றை மாற்றினால் எல்லாம் மாறும். கால்நடை டாக்டர் எழுதிக்கொடுத்த விகிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டுகிறார். "நான் போட்டுத் தரேன்" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். கம்ப்யூட்டர் என்றதும் நிமிர்ந்து பார்த்தார். என்னை அப்படி அவர் பார்த்து எத்தனை வருஷமாகிறது!

மார்ச் 16. ஞாயிறு

வேலை செய்கிறது! எத்தனை கிலோ தீவனம் என்று எண்ணைக் கொடுத்துவிட்டு 'கல' என்று அடித்தால் போதும். சோளம், கம்பு, புண்ணாக்கு, தவிடு, கருவாட்டுத்தூள், மினரல், உப்பு, எல்லாம் எடையோடு டிவியில் வரிசையாக வந்து நிற்கிறது. பிரிண்டர் கிடையாது. நான் பார்த்துச் சீட்டில் எழுதிக்கொண்டு போகிறேன்.

சீட்டைப் பார்த்துத் தீவனம் கலப்பவள் பழனியம்மாள். ஷெட்டை ஒட்டின அறையில் தன் மகளோடு இருக்கிறாள். ஏழெட்டு வருஷமாக இந்தப் பண்ணைதான். மூன்றாவது வரை படித்தவள். எண்ணைப் படித்துவிடுவாள், எழுத்துக்கூட்டி மீதியையும்.

பக்கத்துப் பண்ணை செங்கோட்டையனைக் கூட்டிவந்து அண்ணன் சொன்னார்: "இது என்ற தங்கச்சி. கம்ப்யூட்டர்ல போட்ட கணக்கு. மெட்ராஸ்ல கூட இப்படிக் கெடையாது." என்ற தங்கச்சி! பஸ்ஸில் வரும்போது ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

மார்ச் 30. ஞாயிறு

எனக்கும் மெஹருக்கும் புதுப் பந்தயம். ஒரே வேலையை யார் குறைந்த சொல்லில் எழுதுவது? 'கல' என்ற சொல்லை அவள் பன்னிரண்டு சொல்லில் எழுதிக் காட்டினாள். நானும் பன்னிரண்டு. அவள் சர்பத் கலக்கப் போன நேரத்தில் ஒரு சொல்லை எடுத்துப் பார்த்தேன். மொத்த எடை சரியாகவே வந்தது. பதினொன்று!

"எதை எடுத்தீங்க டீச்சர்? எல்லாம் சரியா வருதா?"

"மொத்தம் சரியா வருதில்ல? அப்புறம் என்ன?"

"மொத்தம் சரி…" என்று இழுத்தாள். தோற்றவள் இழுக்கத்தான் செய்வாள். அடுத்த வாரம் இதுவரை போட்டுப் பார்க்காத குஞ்சுத் தீவனத்தை இதிலேயே போடப்போகிறேன் என்றேன்.

ஏப்ரல் 6. ஞாயிறு

பண்ணையில் பொரித்து ஒரே நாளான குஞ்சுகள் இரண்டாயிரம் இறங்கியிருக்கின்றன. பல்பு வெளிச்சத்தில் மஞ்சள் மஞ்சளாய்! இந்த வாரம் குஞ்சுத் தீவனம் மட்டும்தான், ஐந்நூறு கிலோ. சீட்டைக் கொடுத்துவிட்டுச் செங்கோட்டையனிடம் கம்ப்யூட்டர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். தன் பண்ணைக்கும் போட்டுத்தர வேண்டுமாம். நடுவில் பழனியம்மாள் வந்து உப்பைப் பற்றி என்னவோ கேட்டாள். எழுதினதைப் போடு என்று அனுப்பினேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வருவது இவர்களுக்கு வழக்கமாகிவிட்டது.

வெயில் தாளவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்க வேண்டும்.

ஏப்ரல் 10. வியாழன்

பள்ளிக்கூடத்துக்கு ட்ரங்கால். அண்ணன். குஞ்சுகள் சாகின்றனவாம். நேற்று அறுபது, இன்று மத்தியானத்துக்குள் இருநூறு.

ஏப்ரல் 12. சனி

போனேன். எழுதவே கை வரவில்லை.

தண்ணீர்த் தட்டுகளைச் சுற்றி மொய்த்துக்கொண்டு குஞ்சுகள். குடிக்கின்றன, குடிக்கின்றன, அப்படியே மல்லாந்து விழுகின்றன. கீழே எல்லாம் நசநசவென்று ஈரம். செத்ததைக் கூடையில் அள்ளிக்கொண்டே இருந்தார்கள். எண்ணூறைத் தாண்டிவிட்டது. டாக்டர் ஆறு குஞ்சை அறுத்துப் பார்த்தார். வயிற்றில் நீர் கோத்திருந்தது. தீவனத்தை ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துத் துப்பினார். "உப்பு. கன்னாபின்னான்னு உப்பு."

அண்ணன் என்னைப் பார்த்தார். செங்கோட்டையன் பார்த்தார். வேலைக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். "நீ எத்தன எழுதுன, அம்மிணி?"

"ஒன்றரைதான் எழுதினேன். புள்ளியைக் கவனிக்காமல் பதினைந்து என்று படித்திருப்பாள்."

உடனே வந்தது வாயில். அவ்வளவு பொருத்தமாக. ஒன்றரைதான் எழுதியிருப்பேன் என்று நம்பித்தான் சொன்னேன். நம்பினேனா? பழனியம்மாள், "இல்லீங்க, சீட்டுல பதினஞ்சுதானுங்க இருந்துது. அம்மிணிகிட்ட…" என்று ஆரம்பித்தாள். "படிக்கத் தெரியாட்டிக் கேக்கறதில்லையா?" என்று நான் கத்தினேன். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கேட்டாள். என்னிடம் வந்து கேட்டாள். இந்த நோட்டிலேயே எழுதியிருக்கிறேன்.

தீவன அறையில் ஆணியில் அந்தச் சீட்டு குத்தியிருந்தது. யாரும் வருவதற்கு முன் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அண்ணன் தேடினபோது பேசாமல் இருந்தேன். சீட்டு இப்போது இந்த நோட்டுக்குள்தான் இருக்கிறது. நாலாக மடித்தபடி. பிரிக்கவில்லை.

ஏப்ரல் 13. ஞாயிறு

பிரிக்கவில்லை.

ஏப்ரல் 20. ஞாயிறு

அம்மாவின் கடிதம். பழனியம்மாளை அனுப்பிவிட்டார்களாம். பானை சட்டி, ஒரு ட்ரங்குப் பெட்டி, மகள். வேனில் ஏற்றிவிடக்கூட யாரும் இல்லையாம். "அவ போகையில உன்னையக் கேட்டா" என்று எழுதியிருக்கிறாள். என்ன கேட்டாள் என்று எழுதவில்லை.

மே 18. ஞாயிறு

ஒரு மாதமாக மெஷினைத் தொடவில்லை. பரீட்சைத் தாள் திருத்துகிறேன் என்று மெஹரிடம் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் செங்கோட்டையன் விடவில்லை. அவருக்கும் குஞ்சுத் தீவனம் வேண்டுமாம். "அந்தப் பொம்பள பண்ணுன தப்புக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க?" என்றார். எத்தனை மரியாதையாக!

இன்று கேஸட்டை ஏற்றி ஐந்நூறு என்று கொடுத்தேன். மெஹர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"மினரல் ஒன்றரை. உப்பு பதினஞ்சு… என்ன டீச்சர் இது, கடல்லயா குஞ்சு வளக்கறாங்க?"

அவளே நாற்காலியை இழுத்துப்போட்டுப் புரோகிராமைப் பார்த்தாள். பந்தயத்தன்று நான் எடுத்த சொல் 'மாத்து'. மேலே இருந்த இரண்டு எண்ணும் இடம் மாறாமல் போய்விட்டன. மினரலின் எடை உப்புக்கு, உப்பின் எடை மினரலுக்கு. மொத்தம் மட்டும் எப்போதும் சரியாக வரும். வராமல் என்ன செய்யும்?

"டீச்சர், உங்க அண்ணன் பண்ணைக் குஞ்சு…" என்றாள். நிறுத்திவிட்டாள். என் முகத்தில் என்ன பார்த்தாளோ, பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து சீட்டைப் பிரித்தேன். உப்பு 15. புள்ளி இல்லை. என் கையெழுத்து. போர்டில் எழுதுகிற மாதிரி அவ்வளவு தெளிவாக.

ஒரு சொல். ஒரே ஒரு சொல்லில் ஜெயிக்கணும்னு. சீ!

மே 19. திங்கள்

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மே 25. ஞாயிறு

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். சீட்டைக் காட்டினேன். கிணற்று மேட்டில், வேறு யாரும் இல்லாத இடத்தில். அடிப்பார் என்றே நினைத்தேன். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது தெரிஞ்சவிய எத்தன பேரு?"

"நானும் மெஹரும்."

"அந்தப் புள்ள வெளிய பேசாதில்ல? அப்ப உடு."

"பழனியம்மாள்…"

"அவ போயாச்சு. கூலிக்காரிக்கு இந்த ஊரு இல்லீனா இன்னொரு ஊரு. நமக்கு அப்படியா? உன்ற பேச்சக் கேட்டுத்தான் அவள நாலு பேரு முன்னால வெளிய போடின்னேன். இப்பப் போய் மாத்திச் சொன்னா என்ற மூஞ்சி என்னாகறது? உன்ற பேரு என்னாகறது?"

சீட்டைக் கிழித்துக் கிணற்றில் போட்டார். நான் தடுக்கவில்லை.

அதுவும் பெரிதில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது. இதை எழுதாவிட்டால் இந்த நோட்டு எதற்கு? அப்பாடா என்று இருந்தது. வீட்டுக்குப் போய் இரண்டு தோசை கூடுதலாகவே தின்றேன்.

ஜூன் 22. ஞாயிறு

'மாத்து' சொல்லைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். ஒவ்வொரு எடையையும் கையாலும் போட்டுச் சரிபார்க்கிறேன். இப்போது நாலு பண்ணைக்குச் சீட்டு போகிறது.

செங்கோட்டையன் சீட்டு வாங்க வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார்: பழனியம்மாள் அவரிடமும் வேலை கேட்டு வந்தாளாம். ராசிபுரம் வரைக்கும் நாலைந்து பண்ணையில் கேட்டிருக்கிறாளாம். "உப்பக் கொட்டிக் குஞ்சக் கொன்னவளுக்கு எவனுங்க வேல குடுப்பான்? ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஃபேக்டரிக்குப் போயிட்டாளாட்ட இருக்குது."

காபி கொடுத்தேன் அவருக்கு. சர்க்கரை போதுமா என்றுகூடக் கேட்டேன்.

ஜூலை 6. ஞாயிறு

மெஹர் ஒன்றும் கேட்பதில்லை. முன்னே கையிலிருந்து கீபோர்டைப் பிடுங்குவாள், சண்டை போடுவாள். இப்போது, "நீங்களே அடிங்க டீச்சர்" என்கிறாள். இன்று கிளம்பும்போது மட்டும், "அந்தம்மாவுக்கு ஒரு பொண்ணு இருக்குன்னீங்களே, அது எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்குது இப்ப?" என்றாள்.

தெரியாது என்றேன். தெரியாதுதான்.

ஜூலை 20. ஞாயிறு

நாமக்கல்லில் கோழிப்பண்ணைக்காரர்கள் கூட்டம். கம்ப்யூட்டர் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துகொண்டேன், இன்று சொல்லிவிடுவதென்று. மைக்கைப் பிடித்தேன். அண்ணன் முதல் வரிசையில்.

சொன்னேன். "ஏப்ரலில் எங்கள் பண்ணையில் குஞ்சு செத்தது வேலையாளின் தவறில்லை. மெஷினில் ஒரு கோளாறு. அதை இப்போது சரிசெய்துவிட்டோம்."

மெஷினில் கோளாறு! கை தட்டினார்கள். ஒருவர் எழுந்து, மோட்டாரே கோளாறாகும்போது மெஷின் ஆகாதா, ஒப்புக்கொள்ள ஒரு மனசு வேண்டுமே என்றார். மாலை போட்டார்கள். அண்ணன் கீழே வந்ததும், "கெட்டிக்காரி. ஒருத்தர் பேரும் கெடாம முடிச்சுட்ட" என்றார்.

என்ன கெட்டிக்காரத்தனம். பள்ளிக்கூடத்தில் ஹோம்ஒர்க் நோட்டை மாடு தின்றுவிட்டது என்று சொல்லும் பெண்ணை நான் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்துகிறவள்.

ஆனாலும் அவள் பேர் சரியாகிவிட்டது. அது நிஜம்தானே? அவளிடம் நேரில் போய்ச் சொல்லவேண்டும். சந்தோஷப்படுவாள்.

ஆகஸ்ட் 17. ஞாயிறு

சந்தோஷப்படுவாள் என்று எழுதியிருக்கிறேன் மேலே. அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஆத்தூரில் இறங்கி விசாரித்து விசாரித்துப் போனேன். பெரிய களம். ஜவ்வரிசி எடுக்கிற மரவள்ளிக் குச்சிக்கிழங்கு மலையாகக் குவிந்திருக்கிறது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தோல் சீவுகிறார்கள். புளித்த நாற்றம் மூக்கில் ஏறியது. பழனியம்மாள் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். எழுந்திருக்கவில்லை. கைநிறையக் கத்திக் கீறல்.

நான் நின்றபடியே சொன்னேன். நாமக்கல் கூட்டம், மைக், எல்லாரும் கேட்டது. "உன் பேரில் தப்பில்லை என்று சொல்லிவிட்டேன். மெஷின்தான் தப்பாகப் போட்டது."

அவள் கிழங்கைச் சீவிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"மெசினுங்களா? நான் மெசின்கிட்டயா வந்து கேட்டனுங்க, அம்மிணி? உங்ககிட்டத்தானுங்க வந்து கேட்டேன். பெரிய கோழிக்கே ஒன்ற கிலோதானுங்க போடறோம், குஞ்சுக்குப் பதினஞ்சா போடறதுன்னு கேட்டேன். நீங்க திரும்பிக்கூடப் பாக்குலீங்க."

பக்கத்துப் பெண்கள் எல்லோரும் கை நிறுத்திக் கேட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"பண்ணையில வெச்சுத்தானுங்க என்னயப் படிக்கத் தெரியாதவன்னீங்க. என்ற புள்ள பாத்துக்கிட்டு நின்னா. எங்க வெச்சுச் சொன்னீங்களோ, அங்க வெச்சுச் சொல்லுங்க. எனக்கு நாமக்கல் மைக்கு எதுக்குங்க?"

சரி என்றேன். அவள் பண்ணைக்கு வர பஸ்ஸுக்குப் பணம் கொடுக்கப் பர்ஸைத் திறந்தேன். அவள் பார்த்த பார்வையில் மூடிவிட்டேன். அடுத்த ஞாயிறு தானாகவே வந்துவிடுவதாகச் சொன்னாள்.

ஆகஸ்ட் 23. சனி

மெஹரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிணற்றில் போட்ட சீட்டையும். அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நானும்தான் டீச்சர். அன்னிக்கே சந்தேகம் இருந்துச்சு. தோத்ததுல பொறாமைன்னு நெனச்சுக்குவீங்கன்னு வாய மூடிக்கிட்டேன்" என்றாள். அழுதாள். நான் அழவில்லை. எனக்கு அழ என்ன யோக்கியதை?

ஜுரம் என்று தந்தி கொடுத்துவிடலாமா நாளைக்கு?

ஆகஸ்ட் 24. ஞாயிறு

போனேன்.

ஷெட்டுக்கு முன்னால் வேலைக்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டேன். செங்கோட்டையனையும் வரச்சொல்லியிருந்தேன். அண்ணன் என்ன ஏதென்று தெரியாமல் துண்டை உதறிக்கொண்டு வந்து நின்றார். பழனியம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட் பக்கத்திலேயே நின்றாள்.

"புரோகிராமை எழுதியது நான். பந்தயத்துக்காக ஒரு சொல்லை எடுத்ததும் நான். சீட்டில் பதினைந்து என்று எழுதியதும் நான். பழனியம்மாள் சரியாகத்தான் படித்தாள். தப்பாக இருக்கிறதே என்று என்னிடம் கேட்கவும் செய்தாள். நான்தான் காது கொடுக்கவில்லை. அப்புறம் நாலு பேர் முன்னால் அவளைப் படிக்கத் தெரியாதவள் என்றேன். அவள் கேட்டது எனக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்தே சொன்னேன்."

செங்கோட்டையன்தான் முதலில் வாயைத் திறந்தார். "அடக் கெரகமே! அப்பறம் என்ன சென்னியப்பா, அந்தப் பொம்பளயக் கூப்புட்டு வேலயக் குடு."

அதோடு முடிந்திருக்கலாம். பழனியம்மாள் கேட் பக்கத்திலிருந்தே கேட்டாள்: "இது மொதலாளிக்கு எப்பத் தெரியுமுங்க, அம்மிணி?"

அண்ணன் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்றார் கண்ணாலேயே. சின்ன வயசில் நான் திருடித் தின்ற மாங்காய்க்கெல்லாம் அப்பாவிடம் எனக்காக அடி வாங்கினவர் அவர்.

"மே மாதத்திலிருந்து" என்றேன்.

அவர் ஷெட்டுக்குள் போய்விட்டார். பஸ்ஸுக்கு நான் தெருவில் இறங்கும்போது பின்னாலேயே வந்தார். "அவ நாளைக்கே வேலைக்கு வரட்டும். நான் சொல்லிப்போட்டேன். நீ இனி இந்த ஊட்டுப் படி ஏறாத. தப்புப் பண்ணுனதுக்கு இல்ல. என்னயும் நாலு பேரு முன்னால அம்மணமா நிக்க வெச்சுட்ட பாரு, அதுக்கு."

நான் செய்தது சரியென்று எனக்கே சொல்லிக்கொள்ளப் பார்க்கிறேன். வரவில்லை. அவர் முகம்தான் வருகிறது.

செப்டம்பர் 14. ஞாயிறு

நாலு பண்ணையும் சீட்டு வேண்டாம் என்றுவிட்டன. நியாயம்தான்.

அக்டோபர் 5. ஞாயிறு

மெஹரோடு ஒரு புரோகிராம் எழுதினோம். டிவியில் பாம்பு ஊர்கிறது, வேறு ஒன்றுமில்லை. பதினெட்டு சொல். "குறைக்கலாமா டீச்சர்?" என்றாள். வேண்டாம், ஊர்ந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

ஜனவரி 16, 1987. வெள்ளி

பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை. போக முடியாது. அம்மாதான் எழுதியிருந்தாள், வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் புதுச்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு வா, வெல்லக் கச்சாயம் சுட்டு எடுத்து வாரேன் என்று. போனேன். அம்மா தூக்குப்போசியை என் கையில் திணித்துவிட்டு, முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "உங்கண்ணன் தேடும் சாமி" என்று உடனே கிளம்பிவிட்டாள். கால் மணி நேரம்கூட இல்லை.

சேலம் பஸ் கிடைக்கவில்லை. இரண்டு பஸ் நிறுத்தாமலேயே போய்விட்டன. சொந்த ஊர் ஸ்டாப்பில் தூக்குப்போசியோடு உட்கார்ந்திருந்தேன். தெரிந்தவர்கள் சைக்கிளில் போகிறார்கள், பார்க்காத மாதிரிப் போகிறார்கள். எனக்கும் அதுவே சௌகரியமாக இருந்தது.

அப்போது பழனியம்மாள் வந்தாள். பண்ணையிலிருந்து கடைக்குப் போகிறவள் போலிருக்கிறது, கையில் பை. என்னைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"ஊட்டுக்கு வல்லீங்களா, அம்மிணி?"

"இல்லைங்க" என்றேன். அவளுக்கு 'ங்க' போட்டது இதுதான் முதல் தடவை. எனக்கே கேட்டது. அவள் காட்டிக்கொள்ளவில்லை.

நின்றுகொண்டே இருந்தாள். நான் மகளைப் பற்றிக் கேட்டேன். ஆறாவதாம், திரும்ப இங்கேயே சேர்த்துவிட்டாளாம். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "மொதலாளி உங்களப் பத்திப் பேசறதில்லீங்க. நானும் பேசறதில்லீங்க."

வெயில் ஏறிவிட்டது. உனக்கு வேலை இருக்கும், போ என்று சொல்ல வாயெடுத்து, "நீங்க போங்க, நேரமாச்சு" என்றேன்.

"மன்னிச்சுப்போட்டு நிக்கறேன்னு நெனச்சுக்காதீங்க" என்றாள். "அந்த நாலு மாசம் எனக்கு மறக்காதுங்க. தனியா உக்காந்திருக்கறீங்களேன்னு நின்னேன்."

பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டேன். கொஞ்சம் யோசித்தாள். பிறகு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தூக்குப்போசியைத் திறந்து ஒரு கச்சாயம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். நானும் ஒன்று எடுத்தேன். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் பஸ் வந்தது. அதுவரைக்கும் அவள் எழுந்து போகவில்லை.